யப்பான் கார்ட்டூனும் எங்கள் வீட்டு லாச்சியும்

என் மனைவி என்னோடு சண்டை பிடிப்பதை நிறுத்தி நான்கு மாதங்கள் ஆகிவிட்டன என்பதை நான் ஒரு யப்பான் கார்ட்டூன் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அதுவரை வீட்டில் அமைதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முருகன் ஒருவழியாகக் கண் திறந்துவிட்டார் என்றுகூட ஒருநாள் நினைத்தேன்.

சந்தேகப்படுவது என் தொழில். சிட்னி விமான நிலையத்தில் பயணிகளின் கைப்பைகளை ஊடுகதிர்த் திரையில் பார்க்கும் வேலை எனக்கு. உணவும் துணியும் செம்மஞ்சளாகத் தெரியும், உலோகம் நீலமாகத் தெரியும், இரண்டும் கலந்தது பச்சை. ஒருவரைத் தொடர்ந்து அதிக நேரம் திரையைப் பார்க்க விடமாட்டார்கள். கண் பழகிவிடும், பழகிய கண் எதையும் காணாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: பைக்குள் ஒரு கத்தரிக்கோலைக் கண்டதும் சந்தோஷப்பட்டுத் தேடுவதை நிறுத்தாதே, இரண்டாவது பொருள் அதே பைக்குள்தான் இருக்கும். இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்த ஆள் நான் என்பதை வாசிப்பவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போன வருடம் யாரோ ஒரு அம்மாள் கைப்பையில் அம்மிக்குழவி கொண்டுவந்திருந்தார். திரையில் ஏதோ கரிய கட்டையாகத் தெரிந்தது. பையை ஒற்றைக் கையால் தூக்கி மற்றப் பக்கம் வைக்கப் போனேன். என் நாரியில், இடுப்புக்குப் பின்புறம், ஏதோ தெறித்தது. பிறகு ஸ்கான், பிறகு ஊசி, கடைசியில் சத்திரசிகிச்சை. அதன்பின் குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு சாய்கதிரையில் மாதக்கணக்காகக் கிடந்தேன்.

மனைவி வெஸ்ட்மீட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். காலையில் ரயில் பிடித்துப் போனால் பின்னேரம் நாலரைக்குத்தான் வருவாள். மகள் மெல்பேர்னில், ரோவிலில் இருக்கிறாள். பிள்ளை இல்லாத வீட்டில், வேலைக்குப் போகாத மனிதனுக்கு மிஞ்சியது தொலைக்காட்சிதான். அது மகளின் சந்தாவில் ஓடுகிறது. ஒருநாள் அதை முடுக்கினபோது, பாதியில் விட்டவற்றைக் காட்டும் வரிசையில் ஒரு கார்ட்டூனைக் கண்டேன். சமையல் மேலங்கி கட்டிய ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிங்க் அருகே நின்றாள். மூலையில், பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒரு முத்திரை இருந்தது.

நான் அதைப் பார்க்கவில்லை. மகள் அதே சந்தாவுக்குள் தனக்கென்று வேறு பக்கம் வைத்திருக்கிறாள். ஆகவே பார்த்தது என் மனைவி. ஐம்பத்துமூன்று வயதுப் பெண், நாள் முழுவதும் கண்ணாடிச் சில்லுகளில் மற்றவர்களின் நோய் வருத்தத்தைத் தேடுகிறவள், கார்ட்டூன் பார்க்கிறாள். அதுவும் பெரியவர்களுக்கான கார்ட்டூன். என் மனம் எங்கே போயிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பின்னேரம் அவள் வந்ததும் போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டேன்.

"அது என்ன யப்பான் படம் ஒண்டு பாதியில நிக்குது?"

"சும்மா. நல்லாயிருக்கும் எண்டு பிள்ளை சொன்னவள்."

"கார்ட்டூனோ?"

"ஓம், கார்ட்டூன்தான்," என்று சொல்லிவிட்டுச் சமைக்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

விமான நிலையத்தில் இப்படிச் சுருக்கமாகப் பதில் சொல்கிறவர்களின் பையைத்தான் நாங்கள் இரண்டாம் முறை திறந்து பார்ப்போம். அடுத்த நாள் அவள் வேலைக்குப் போனதும் முன்கதவைப் பூட்டினேன். யன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். ஒலியையும் குறைத்தேன். முதல் அத்தியாயத்தைப் போட்டேன். இருபது நிமிடங்களுக்கு மேலாக ஒரு புருஷனும் பெண்சாதியும் மேசையில் இருந்து சாப்பிட்டார்கள். அவ்வளவுதான். இடையில் ஒருமுறை அவன் சோயாச் சோஸ் போத்தலைக் கேட்டான், அவள் எடுத்துக் கொடுத்தாள். ஏன் சிறுபிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. திரைச்சீலையைத் திறந்துவிட்டேன். கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, அதை ஒளிக்க விரும்பவில்லை.

ஆனால் அடுத்த அத்தியாயத்தையும் பார்த்தேன். அந்த வரிசையில் இருந்த ஐந்து தொடர்களையும் இரண்டு மாதத்தில் பார்த்து முடித்தேன். அவள் விட்ட இடம் எதுவோ அங்கேயே, எவ்வளவு பார்த்தாயிற்று என்று காட்டும் சிவப்புக் கோட்டைத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் தொலைக்காட்சியை அணைப்பேன். தடயம் விடாமல் வேலை செய்தேன் என்று எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

கதைகள் வேறு வேறாக இருந்தாலும் ஆட்கள் ஒன்றுதான். எந்தத் தொடரிலும் ஒரு புருஷன் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு வீட்டுக்குள் வருவான். மூன்று சொல் பேசுவான்: சாப்பாடு, குளிப்பு, படுக்கை. அதற்கு மேல் அவனுக்குப் பாஷை தெரியாது. எதிர்மாடியில் துணி காயப்போடும் பெண் ஒருத்தி இருப்பாள், அவளுக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் ஒரு பூனைகூடக் குட்டி போடாது. மாமியார் வந்தால் யன்னல் விளிம்பில் விரலை ஓட்டித் தூசி பார்த்துவிட்டுத்தான் இருப்பாள். கம்பனி ஒருவனைத் தூர நகரத்துக்கு மாற்றும். அவன் அங்கே ஒற்றை அறையில், கோப்பை நூடில்ஸுக்குச் சுடுநீர் ஊற்றிவிட்டு, அது வேகும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மதியச் சாப்பாட்டுப் பெட்டிதான் அவர்களுக்குக் கடிதம். கலியாணமான புதிதில் அவள் அப்பிளை முயல் காதுபோல் வெட்டி வைத்து அனுப்புவாள். வருடங்கள் போகப் போக முயல் போய்விடும், பிறகு அப்பிளே போய்விடும். ஒருநாள் வெறும் வெள்ளைச் சோறும் நடுவில் ஒற்றைச் சிவப்பு ஊறுகாயும் மட்டும் இருக்கும். அலுவலகத்தில் பெட்டியைத் திறந்தவன் சட்டென்று மூடிவிடுவான், பக்கத்து மேசைக்காரன் கண்டுவிடுவான் என்று. அழவேண்டிய இடத்தில் முகத்தைக் காட்டமாட்டார்கள், கேத்திலைக் காட்டுவார்கள். அது கொதித்து, தானாகவே நின்றுபோவதைக் காட்டுவார்கள். வெளியே சில்வண்டு கத்தும். தை மாதத்தில் எங்கள் தெரு யூக்கலிப்டஸ் மரங்களிலும் அதே சத்தம் கேட்பதால், அது தொலைக்காட்சியில் கத்துகிறதா வெளியே கத்துகிறதா என்று சிலநாள் எனக்கே குழம்பிவிடும்.

ஒரு தொடரில் அயல் வீட்டுப் பெண்கள் ஓய்வுபெற்று வீட்டில் கிடக்கும் புருஷன்மாரைப் பெருங்குப்பை என்று சொல்லிச் சிரிப்பார்கள். காலில் ஒட்டிய ஈர இலையைப்போல், உதறினாலும் போகாத சாமான்களாம். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த வாரம்தான் எங்கள் தெருவில் கவுன்சில் லொறி வந்து பெரிய குப்பைகளை ஏற்றிப்போகும் வாரம். ஆளாளுக்கு வாசலில் மெத்தை, உடைந்த அலுமாரி, பழைய பார்பிக்யூ என்று கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மனைவி என் சாய்கதிரையையும் வெளியே வைத்துவிடலாமா என்று கேட்டாள். அப்போது நான் அதில் இருந்தேன்.

பிறகுதான் அந்த ஐந்தாவது அத்தியாயம் வந்தது. மேலங்கி கட்டிய பெண்ணின் தொடர் அது. இருபது வருடமாக அவள் ஒரே விஷயத்துக்குக் கத்திக்கொண்டிருந்தாள், அவன் குளித்துத் துடைத்த ஈரத் துவாயைக் கட்டிலில் போடுகிறான் என்று. ஒருநாள் காலை அவள் அந்தத் துவாயைப் பேசாமல் எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். அவன் வீட்டில் நிம்மதி வந்துவிட்டது என்று நினைத்துப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான். எதிர்மாடிப் பெண் மட்டும் இதைக் கண்டுவிட்டு, அவள் முடிவெடுத்துவிட்டாள் என்று தன் வீட்டுக்குள் யாருக்கோ சொன்னாள்.

ஏழாவது அத்தியாயத்தில் குசினி இழுப்பறையை, எங்கள் பாஷையில் லாச்சியை, திறப்பார்கள். மடித்து வைத்த துவாய்களுக்குக் கீழே பச்சைக் கரை போட்ட ஒரு தாள் இருக்கும். விவாகரத்துப் படிவம். அவள் தன் பக்கத்தை நிரப்பி முத்திரையும் குத்தி வைத்திருப்பாள். பன்னிரண்டாவது அத்தியாயத்தில், அவன் ஓய்வுபெற்று வரும் நாளில், ஒரு கையில் பூங்கொத்தும் மறுகையில் அந்தத் தாளுமாக அவனை வாசலில் வரவேற்பாள். மற்ற நான்கு தொடர்களில் மூன்றிலும் இதே லாச்சியும் இதே தாளும் வந்தன.

நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு யோசித்தேன். என் சப்பாத்துக்காக அவள் கடைசியாக எப்போது கத்தினாள்? இருபத்தைந்து வருடங்களாக நான் சப்பாத்தை வாசலில் குறுக்கே கழற்றிவிட்டு வருகிறவன். அவள் இருபத்தைந்து வருடங்களாக அதற்காகக் கத்துகிறவள். எழுந்து போய் வாசலைப் பார்த்தேன். சப்பாத்து இரண்டும் தட்டில் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. என் நாரியால் குனிய முடியாது, ஆகவே வைத்தது அவள். எத்தனை மாதமாக இப்படி வைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு சண்டைகூட என் ஞாபகத்தில் இல்லை.

அன்றிலிருந்து அவளைத் திரையில் வந்த பையைப்போல் பார்க்கத் தொடங்கினேன். எனக்கு அதில் வெட்கம் இருக்கவில்லை. சத்திரசிகிச்சைக்கு முதல்நாளே அவள் மகளின் அறைக்குப் படுக்கையை மாற்றிவிட்டாள். மெத்தை அசைந்தால் எனக்கு நோகும் என்று சொன்னாள். சரி, இப்போது நோகவில்லையே, ஏன் இன்னும் திரும்பி வரவில்லை? அவள் புதிதாக இரண்டு சட்டியும் ஒரு அகப்பையும் வாங்கி மேல்தட்டில் தனியாக வைத்திருந்தாள். எனக்கு மீனோ இறைச்சியோ சமைத்து மூடிவிட்டு, குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு, தனக்கு வேறு சட்டியில் மரக்கறி சமைப்பாள். குளிர்சாதனப் பெட்டியிலும் அவளுக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு. கொலஸ்ட்ரோல் கூடிவிட்டது என்று யாராவது சொல்லியிருப்பார்கள் என்றுதான் நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமைதான் எல்லாவற்றிலும் மோசம். காலை பத்து மணிக்கு, "லைப்ரரிக்குப் போட்டு வாறன்," என்பாள். தோளில் துணிப்பை தொங்கும். பன்னிரண்டு மணிக்கு வருவாள். பை போனபோது எப்படித் தட்டையாக இருந்ததோ வரும்போதும் அப்படியே இருக்கும். பதினாறு வருடம் பைகளைப் பார்த்தவனுக்கு ஒரு பைக்குள் புத்தகம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போகாது.

மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். சுற்றிவளைத்துத்தான் தொடங்கினேன்.

"அம்மாவுக்கு ஏன் பிள்ளை இந்தக் கார்ட்டூன் எல்லாம் காட்டினனீ?"

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் அனிமே. ஷீ லைக்ஸ் இட்."

"எல்லாத்திலயும் மனிசிமார் விட்டிட்டுப் போயினம்."

அந்தப் பக்கத்தில் பிள்ளை எதையோ மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "வை, அப்பா? டிட் ஷீ சே சம்திங்?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் பிள்ளை சிரித்திருக்க வேண்டும். அம்மா ஏதாவது சொன்னாவா என்று கேட்டால், சொல்ல ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று கணினியில் தேடினேன். பன்னிரண்டு மாதம் பிரிந்திருந்தால் போதுமாம். பிரிந்திருப்பதற்கு வீட்டை விட்டுப் போகவேண்டிய அவசியமும் இல்லையாம். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே பிரிந்து வாழலாமாம். தனித்தனி அறையில் படுக்கிறார்களா, சமையல் வேறா, வெளியே தனியாகப் போகிறார்களா என்று பார்ப்பார்களாம். எங்கள் வீட்டை யாரோ எட்டிப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. இதற்குச் சாட்சி சொல்ல இன்னொருவரும் வேண்டியிருக்கலாம் என்று கீழே போட்டிருந்தது. ரோவிலில் இருக்கிற மகள்தான் அந்தச் சாட்சி என்று நினைத்தேன்.

எனக்குப் பயம் வந்தது. ஆத்திரம் வந்திருந்தால் என்னால் சமாளித்திருக்க முடியும், அது எனக்குப் பழக்கம். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் என்ன சத்தம் கேட்கும் என்று யோசித்துப் பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல்தான் கேட்டது. அவள் வேலைக்குப் போயிருந்ததால் அது அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த நாள் காலை, அவள் ரயில் புறப்படும் நேரம் கழிந்ததும், தடியை ஊன்றிக்கொண்டு குசினிக்குள் போனேன். தொடரில் எந்த லாச்சியோ அதே லாச்சி, அடுப்புக்குப் பக்கத்தில் மூன்றாவது. துவாய்கள் மடித்திருந்தன. கையை உள்ளே விட்டேன். துணிக்குள் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன்.

மஞ்சள் துணி. ஒரு மூலையில் காசு முடிந்திருந்தது.

எங்கள் ஆட்களுக்கு இதைக் கண்டால் வேறு விளக்கம் தேவையில்லை. யாருக்காவது ஆபத்து என்றால் ஒரு நேர்த்தி வைத்து, மஞ்சள் துணியில் ஒரு குத்திக்காசை முடிந்து வைப்பார்கள். நினைத்தது நடந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் செலுத்துவார்கள். அதுவரை யாருக்கும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். துணியின் ஓரத்தில் அவள் ஆஸ்பத்திரியில் மாதிரிக் குழாய்களில் எழுதும் பேனையால் ஒரு திகதி எழுதியிருந்தாள். எந்தச் சாமானிலும் திகதி எழுதி வைப்பது அவள் வேலைப் பழக்கம். அது என் சத்திரசிகிச்சைக்கு முதல்நாள்.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அவள் மச்ச மாமிசத்தை விட்டதும் எனக்காக. வேறு சட்டியும் எனக்காக, வேறு அறையும் எனக்காக. விரதம் இருக்கிறவள் புருஷனோடு ஏன் சண்டை பிடிக்கப் போகிறாள்? நான் அந்த மஞ்சள் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். துவாய்களை முன்பு இருந்த மாதிரியே அடுக்கிவைத்து லாச்சியை மூடினேன். அன்று மத்தியானம் நல்ல நித்திரை வந்தது.

பின்னேரம் அவள் வந்து அடுப்பை மூட்டியபோது நான் குசினிக் கதிரையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கார்ட்டூன், பச்சைக் கரைத் தாள், தட்டையான துணிப்பை, மகளுக்கு எடுத்த தொலைபேசி, கடைசியில் மஞ்சள் துணி. நான் ஒரு விசரன் என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரிப்பாள், அல்லது என் லாச்சியை ஏன் கிண்டினீர்கள் என்று கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் எனக்குச் சம்மதம்.

அவள் அடுப்பைக் குறைத்தாள்.

"எழுத்தைப் பெரிசாக்கினது ஆர் எண்டு நினைச்சியள்?" என்று கேட்டாள்.

எனக்கு விளங்கவில்லை.

"படத்தில கீழ ஓடுற எழுத்து. உங்கட கண்ணுக்குத் தெரியேல்ல எண்டு பெரிசாக்கிப் போட்டு, திருப்பிச் சின்னனாக்க மறந்திட்டியள். முதல் நாளே கண்டிட்டன்."

"பிறகு ஏன் ஒண்டும் சொல்லேல்ல?"

"பாக்கட்டும் எண்டு விட்டனான். பாத்திட்டு என்னட்டை ஏதும் கேப்பியள் எண்டு நினைச்சன்." கறியை ஒருமுறை கிளறினாள். "ரெண்டு மாசமாப் பாத்தனீங்கள். பிள்ளையிட்டக் கேட்டியள். கொம்ப்யூட்டரிட்டக் கேட்டியள். லாச்சியிட்டயும் கேட்டியள்."

"அதுதான் இப்ப எல்லாம் சரியெல்லோ. விரதம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் ஏன்..."

"விரதம் உங்கட நாரிக்கு," என்றாள். "ஃபோம் எனக்கு."

அவள் கை துடைத்துவிட்டு அதே மூன்றாவது லாச்சியைத் திறந்தாள். துவாய்களை மேசையில் எடுத்து வைத்தாள். மஞ்சள் துணியை அவற்றின்மேல் வைத்தாள். லாச்சியின் அடியில் விரித்திருந்த பூப்போட்ட தாளைக் கிளப்பி, அதன் கீழேயிருந்து நான்காக மடித்த வெள்ளைத் தாள்களை எடுத்தாள்.

"முடிச்சைக் கண்டவுடன தேடுறதை விட்டிட்டியள்," என்றாள். குரலில் கோபம் இல்லை. ஆய்வுகூடத்தில் ஒரு முடிவை வாசிக்கிறவள் போலத்தான் சொன்னாள்.

லைப்ரரியில் சனிக்கிழமைகளில் ஒரு வழக்கறிஞர் பெண் இலவசமாக ஆலோசனை சொல்வாராம். உண்மையான விவாகரத்து விண்ணப்பம் கணினியில்தானாம், வாசித்து யோசிப்பதற்காக அந்தப் பெண் இதை அச்சடித்துக் கொடுத்தாராம். பச்சைக் கரை இல்லை. முத்திரையும் இல்லை. ஆனால் நிரப்பியிருந்தாள். தன் பெயர், என் பெயர், கலியாணம் நடந்த இடம், கலியாணத் திகதி, மகளின் பிறந்த திகதி எல்லாம் அந்தக் குழாய்ப் பேனையால், அவளுடைய நேர்த்தியான சின்ன எழுத்தில் இருந்தன. ஒரு பெட்டி மட்டும் வெறுமையாக இருந்தது. பிரிந்த திகதி.

அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. "இது போடேல்லயே," என்றேன். "அப்ப நீர் முடிவெடுக்கேல்ல."

"அது முடிவெடுக்காததால இல்லை. என்ன திகதி எண்டு தெரியேல்ல." அவள் எனக்கு எதிரே இருந்தாள். "அறை மாறின நாளைப் போடலாமெண்டா, அது பொய். அதுக்கு முன்னமே இப்பிடித்தான். பிள்ளை மெல்பேர்னுக்குப் போன நாளோ எண்டு பாத்தன். அதுக்கும் முன்னமே இப்பிடித்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் இருந்து யோசிக்கிறன். யோசிக்க யோசிக்க அது பின்னாலதான் போகுது."

கேத்தில் கொதித்து நின்றது. சத்தியமாக நின்றது, நான் அதைக் கதைக்காகச் சேர்க்கவில்லை. அந்தப் படங்களைப் பெரியவர்களுக்கு மட்டும் என்று ஏன் போடுகிறார்கள் என்பது அப்போது விளங்கியது. அதில் வருகிறவன் தங்கள் அப்பாதான் என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடக் கூடாது.

நான் நான்கு மாதமாக ஒரே வீட்டில் வேறு சட்டியில் சாப்பிட்டிருக்கிறேன், நீர் ஏன் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறீர் என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. அதை நினைத்தபோது முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில், "நீர் சாப்பிட்டீரோ?" என்று கேட்டேன். பின்னேரம் ஐந்து மணி. யாரும் சாப்பிடுகிற நேரமில்லை.

"இன்னும் இல்லை," என்றாள்.

"உம்மட சட்டியில எனக்கும் கொஞ்சம் இருக்குமோ?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்தது. எனக்கு அந்தப் பார்வை தெரியும், மாதச் சம்பளத்துக்கு நான் பார்க்கிற பார்வை அது. பிறகு எழுந்து இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகளில் சோறு போட்டாள். கத்தரிக்காய்ப் பால்கறியும் பருப்பும். மிளகாய் குறைவாக இருந்தது. அதைச் சொல்லாமல் சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, நான் தடி இல்லாமல் முருகன் கோயில் வெளிவீதியை மூன்றுமுறை சுற்றினேன். அதுதானாம் நேர்த்தி. அவள் எனக்கு இரண்டடி பின்னால் வந்தாள். விழுந்தால் பிடிக்க வருகிறாளா, ஒழுங்காகச் சுற்றுகிறேனா என்று பார்க்க வருகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் துணியை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டாள். வீட்டுக்கு வந்ததும் புதுச் சட்டிகளைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினாள். மகளின் அறையிலேயே படுத்தாள்.

நான் இப்போது அரைநாள் வேலைக்குப் போகிறேன். கேள்வி கேட்கப் பழகுகிறேன். முதல் வாரம் என் கேள்விகள் விமான நிலையத்தில் கேட்கிற மாதிரியே இருந்தன: எங்கே போனீர், யாரோடு போனீர், பையில் என்ன. அவள் பதில் சொல்லாமல் போய்விடுவாள். இப்போது கொஞ்சம் பரவாயில்லை. அவளுடைய ஆய்வுகூடத்தில் மூன்று வருடமாக ஒருத்தி இவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதைப் போன வாரம்தான் அறிந்தேன். மூன்று வருடமாக அந்தக் கதை எங்கள் வீட்டில், எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்திருக்கிறது.

சனிக்கிழமைகளில் அவள் இன்னும் லைப்ரரிக்குப் போகிறாள். இப்போது பைக்குள் ஒரு புத்தகம் இருக்கிறது. ஒரு புத்தகம் மட்டும். நான் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வரமாட்டேன்.

நேற்று வேலையால் வந்து சப்பாத்தை வாசலில் குறுக்கே கழற்றிவிட்டேன். களைப்பில் செய்தது, வேண்டுமென்று செய்ததல்ல. அவள் கையில் உடுப்புக் கூடையோடு வந்து அதில் தடக்கினாள். பிறகு கத்தத் தொடங்கினாள். இருபத்தைந்து வருடமாகச் சொல்கிறேன், இது என்ன வீடா பஸ் நிலையமா, கண் தெரியாதா என்று பழைய வரிசை ஒன்றும் மாறாமல் அப்படியே வந்தது. நான் தொலைக்காட்சியை நிறுத்தினேன். உடனே மன்னிப்புக் கேட்டால் சண்டை முடிந்துவிடும் என்று பயந்து, சப்பாத்து என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டேன். அது இன்னும் பத்து நிமிடத்துக்குப் போனது.

அவள் உடுப்புக் காயப்போடப் பின்வளவுக்குப் போனதும் குசினிக்குள் போய் மூன்றாவது லாச்சியைத் திறந்தேன். துவாய்களை எடுத்து வைத்தேன். பூப்போட்ட தாளைக் கிளப்பினேன். படிவம் அங்கேயேதான் இருந்தது, திகதிப் பெட்டி வெறுமையாக இருந்தது. அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் இருந்தபடியே மடித்து வைத்தேன். நாளைக்கும் பார்ப்பேன்.